மணிமுடி உண்டு, மனிதர் எங்கே?

சென்ற பெரும்போக அறுவடை நாட்களில் ஒரு காணி விடயமாக நாம் வில்கமுவைக்குப் போயிருந்தோம். ஹெட்டிப்பொலப் பக்கத்திலே தெருவோரமெங்கும் படங்குகள் விரித்து நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். வானம் திடீரென்று கறுத்தது. வீட்டுக்காரரான சிங்கள விவசாயி, அவர் மனைவி, பிள்ளைகள், நாம், எம்முடன் வந்தவர் எல்லோருமாக ஓடி ஓடி நெல்லை அள்ளினோம். பாதி நனைந்தது. பின்பு திண்ணையிலிருந்து தேநீர் அருந்தும்போது அம்மனிதர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரு பாகங்களையும் பார்த்திருந்தார். "மாத்தயா, உங்கள் அரசர் எங்கள் நாட்டுக்கு வருகிறார். யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சிலை இருக்கிறது. எங்களுடைய ஆட்கள் எங்கே?" என்றார்.

சட்டத்தரணித் தொழிலில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கண்ட எமக்கு அன்று வாய் அடைத்துவிட்டது. வாய் அடைத்ததற்குக் காரணம், அவர் கேட்டது நியாயம் என்பதே.

படத்தைப் புகழவேண்டிய இடத்தில் நாமும் புகழ்வோம். 2022 செப்டெம்பர் 30 ஆந் தேதி முதற் பாகமும், 2023 ஏப்ரல் 28 ஆந் தேதி இரண்டாம் பாகமும் வெளிவந்தன. முதற் பாகத்துக்கு இந்திய அரசின் தேசிய விருதுகள் நான்கு கிடைத்தன: சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலியமைப்பு. கண்ணுக்கும் காதுக்கும் கிடைத்த விருந்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விருதுப் பட்டியலை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கதைக்கும் உரையாடலுக்கும் நடிப்புக்கும் அங்கே இடமில்லை. நடுவர்கள் எம்மைவிட நாகரிகமாகத் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள் என்றே நாம் கொள்கிறோம்.

கல்கி அந்நாவலை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். ஐந்து பாகங்கள். எம் பாட்டனார் காலத்தவர் இவ்விதழ் வரும் கப்பலையும் ரயிலையும் காத்துக் கிடந்தனர். அதிலே சரித்திரப் பிழை பல உண்டு. கற்பனை மிகுதியும் உண்டு. ஆனால் மனிதர் இருந்தனர். கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் சேந்தன் அமுதன் இருந்தான். கோடிக்கரையிலே ஓடம் வலிக்கும் பூங்குழலி இருந்தாள். சம்புவரையர் வீட்டு மணிமேகலை இருந்தாள். நெஞ்சிலே ஒருவனை வைத்து, அவனால் ஏற்கப்படாமலே அழிந்துபோனவள். நாவலின் முடிவில் அந்தப் பூக்காரனே சோழ மகுடத்துக்குரியவன் என்று தெரியவருகிறது; ஓடக்காரி பட்டத்தரசியாகிறாள். சரித்திரத்திலே அப்படி நடக்கவில்லை என்பது எமக்கும் தெரியும். உத்தம சோழன் கண்டராதித்தரின் மகன், செம்பியன் மாதேவியின் வயிற்றிலே பிறந்தவன், பூக்காரன் அல்லன். இருந்தும் கூலிக்காரனும் குடியானவனும் அக்கதையைத் தம் கதையாக எண்ணிப் படித்ததற்கு அந்தத் திருப்பமே காரணம்.

படம் செய்தது என்ன? மணிமேகலையை அடியோடு நீக்கியது. சேந்தன் அமுதனை வைத்துக்கொண்டு அவன் பிறப்பின் மர்மத்தை நீக்கியது. பூங்குழலிக்கு முதற் பாகத்திலே ஒரு பாட்டைக் கொடுத்து, இரண்டாம் பாகத்திலே கரையோரம் நிறுத்திவிட்டது. அரண்மனைக்கு வெளியே பிறந்தவர் எவரோ அவரெல்லாம் வெட்டுப்பட்டார். முடிசூடியவர், முடிதேடியவர் மாத்திரம் எஞ்சினர். நீளத்தைக் குறைக்க வேறு வழியில்லை என்கிறார்கள். அப்படியானால் நாவலிலே இல்லாத ஒரு போரை இறுதியிலே புகுத்துவதற்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது? குதிரைகளுக்குக் கிடைத்த நேரம் மணிமேகலைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

எஞ்சியவர்களாவது வளர்ந்தார்களா? குந்தவையும் வந்தியத்தேவனும் எதிரெதிர் நின்று அழகாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஒருவரிலொருவர் எதைக் கண்டார்கள் என்று கேட்டால், முகத்தைக் கண்டார்கள் என்பதற்கு மேல் விடையில்லை. முதற் பாகத்திலே குறும்பும் சாதுரியமுமாகக் கதையை இழுத்து வந்த வந்தியத்தேவன் இரண்டாம் பாகத்திலே செய்தி சுமக்கும் ஆளாகத் தேய்ந்தான். ஆதித்த கரிகாலன் ஒருவனே இரத்தமுஞ் சதையுமாக நின்றான். அவனுடைய கொலையிலேதான் படம் பெருந்தவறு செய்கிறது என்பது எமது வழக்கு.

அது பற்றிச் சிறிது விரித்தெழுத வாசகர் அனுமதிக்க வேண்டும். இது எமது தொழிலோடு ஒட்டியது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலிலே இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுள் இருவர் பிரமாதிராசர் என்னும் அரச பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்களுடைய காணிகள் மட்டுமல்ல, உடன்பிறந்தார், பெண் கொடுத்தார், பெண் எடுத்தார், மாமன்மார் வரை அனைவருடைய உடைமையும் பறிமுதல் செய்யப்பட வேண்டும் என்பது ஆணை. குற்றவாளியின் சம்பந்தியுடைய வயலைப் பறிக்கும் சட்டத்தை இன்று நாம் எந்த நீதிமன்றத்திலும் ஏற்கமாட்டோம், அது வேறு. கவனிக்கவேண்டியது காலக்கணக்கு. இடையிலே உத்தம சோழன் ஆண்ட காலம் முழுவதும் இத்தகைய ஆணை ஒன்றும் கிடைக்கவில்லை. 985 இல் இராசராசன் அரியணை ஏறிய பின்பே நீதி எழுகிறது. ஏன் இத்தனை ஆண்டுத் தாமதம்? நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மீது ஐயங்கொண்டார், மறுத்தவரும் உண்டு. அரச பட்டம் பெற்ற அதிகாரிகள் இளவரசனைக் கொல்கிறார்கள். அடுத்த அரசன் வாளாவிருக்கிறான். அவனுக்குப் பின் வந்தவன் ஊர்ச் சபைக்கு ஓலை விடுகிறான். இதைவிடச் சிறந்த கதைக்கட்டு எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? படமோ இதைக் காதற் சோகமாக்கிக் கரைத்துவிட்டது. உத்தம சோழனை மனந்திருந்திய நல்லவனாக்கி முடி சூட்டியது. கொலை வழக்கு கண்ணீருடன் தள்ளுபடியாயிற்று.

இனி வில்கமுவை விவசாயியின் கேள்விக்கு வருவோம். இலங்கைக் காட்சிகள் தாய்லாந்திலே பிடிக்கப்பட்டன. அதனை நாம் குற்றமென்று கொள்ளவில்லை. படக்காரருக்கு ஆயிரம் வசதிக் காரணங்கள் இருக்கும். ஆனால் அந்தத் தாய்லாந்து இலங்கையிலே நினைவில் நிற்கும் ஒரு முகமும் இல்லை. கல்கி இங்கு வந்து பார்த்துச் சென்று எழுதியவர். எம் மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையை அவர் கதைக்களமாக்கினார். புத்த சங்கத்தார் அருள்மொழிக்கு இலங்கை முடியைக் கொடுக்க முன்வருவதாகவும் அவன் மறுப்பதாகவும் எழுதினார். இனிய கற்பனை. ஆனால் சூளவம்சம் சொல்வது வேறு: சோழப் படை விகாரைகளையும் தாதுகோபங்களையும் சூறையாடியது என்று அது எழுதிவைத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டோ ஈழத்து ஊர்கள் அக்கோயிலுக்கு இறை செலுத்தும்படி விடப்பட்டதைப் பதிவுசெய்கிறது. எம் அயலவர் ஒன்றைப் படித்து வளர்கிறார். நாம் மற்றதைப் பார்த்து மயங்குகிறோம்.

அந்தக் காலத்து இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனின் வாழ்க்கையைச் சூளவம்சத்திலே படித்துப் பாருங்கள். குடியானவர் வரி செலுத்த மறுத்தனர். சம்பளம் கிடைக்காத கேரளப் படைவீரர் அரண்மனையைச் சூழ்ந்தனர். அவன் சுரங்க வழியாகத் தப்பி உரோகணத்துக்கு ஓடினான். நாடு சீர்குலைந்த செய்தியைச் சோழனுக்குக் கொண்டுபோனவன் ஒரு குதிரை வியாபாரி. 1017 அளவில் இராசேந்திரனின் படை மகிந்தனைப் பிடித்துச் சென்றது. பன்னிரண்டு ஆண்டு சோழநாட்டிலே சிறையிருந்து மடிந்தான். அவனுடைய சிறு மகனை மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். சோழனின் பெருமை பேசுவதாயினும், தோற்றவனுக்கும் ஒரு நெஞ்சம் உண்டென்று காட்டினாலன்றி வெற்றிக்கு எடை ஏது? வாளெடுத்து வீசியவனைப் பார்த்தோம்; எவன்மீது வீசினான் என்று பார்க்கவில்லை.

எதிரியை மனிதனாகக் காட்டுவது எவ்வாறு என்பதற்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. வில்கமுவைக்கு அயலிலுள்ள வஸ்கமுவ வனத்திலே, அம்பன் கங்கைக்கும் ஒரு பழைய சைத்தியத்துக்கும் இடைப்பட்ட வெளிதான் எல்லாளனுக்கும் துட்டகைமுனுவுக்கும் போர் நடந்த களம் என்று ஊரார் நம்புகிறார்கள். எல்லாளனின் கதையை எமக்குச் சொன்னவர் யார்? தமிழ்ப் புலவர் அல்லர். மகாவம்சத்தைப் பாடிய பௌத்த துறவி. தம் காவிய நாயகன் கொன்ற பகைவன், வேற்றுச் சமயத்தவன் என்று அறிந்தே அவர் எழுதினார். ஆராய்ச்சி மணியைக் கட்டினார். கன்றைக் கொன்ற மகனைத் தேர்ச் சக்கரத்திலேயே தண்டித்த தந்தையை நிறுத்தினார். காயப்போட்ட நெல் பருவம் தப்பிய மழையிலே நனைந்ததென்று ஒரு கிழவி மணியடித்ததையும், அரசன் உண்ணாதிருந்து, வாரத்துக்கு ஒருமுறை நள்ளிரவிலே மாத்திரம் மழை பெய்யும்படி வரம் பெற்றதையும் சொன்னார். சில பாடல்கள்தாம். அவற்றுள் ஒரு கிழவி, ஒரு பசு, ஒரு படங்கு நெல். அன்று வில்கமுவையிலே நனைந்த நெல்லைக் கையில் அள்ளியபோது அந்தக் கிழவி எம்முன் நின்றாள். இரண்டு பாகம், ஐந்தரை மணி நேரம் ஓடிய படத்திலே அவளைப்போல் ஒருத்தி வரவில்லை.

"பொழுதுபோக்குக்கு எடுத்த படத்தை இப்படி வழக்காடலாமா?" என்பார் சிலர். பிற நாடுகளிலே அவ்வாறு கேட்கலாம். இந்நாட்டிலே வரலாறு காணியுறுதியாகப் பயன்படுகிறது. 2020 இல் கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள்களுக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்டவருள் தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ இருக்கவில்லை. எவர் வரலாற்றை எவர் சொல்வது என்பது இங்கே எவர் வயலை எவர் உழுவது என்பதோடு பிணைந்தது. எங்களை நீக்கிவிட்டு வரலாறு எழுதுகிறார்கள் என்று மேடைதோறும் முறையிடும் நாம், அவர்களை நீக்கிவிட்டு எடுத்த படத்துக்கு மாலை போட்டுக் கைதட்டினால், எம் முறைப்பாட்டை எந்த நீதிமன்று கேட்கும்?

குறை சொன்னால் தமிழ்ப் பகைவன் என்பது எம்மவரிடையே பழகிப்போன வசை. சோழர் தமிழர், படம் சோழரைப் பற்றியது, ஆகவே படத்தைக் குறைகூறுபவன் தமிழரைக் குறைகூறுகிறான் என்கிறார்கள். சட்டக் கல்லூரி முதலாம் ஆண்டு மாணவன்கூட இந்தத் தருக்கத்தைக் கேட்டுச் சிரிப்பான். தமிழர் வரலாற்றிலே உண்மையான பற்றுடையவன் அதனைப் பொம்மைக் கொலுவாக்கியவரிடமே முதலில் சினங்கொள்ள வேண்டும். 1958 இலே இந்நாவலைப் படமாக்க முனைந்த எம். ஜி. ஆர். கண்டிப் பகுதியிலே பிறந்தவர். அவர் எடுத்திருந்தால் எப்படியிருக்குமோ நாம் அறியோம். வாள்வீச்சு குறைந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

எம் கருத்தை மறுப்போர் மறுத்தெழுதுக. இவ்விதழிலே இடம் உண்டு. வில்கமுவையில் எம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை எழுதுங்கள். அடுத்த சிறுபோகத்துக்கு நாம் மீண்டும் அங்கே போகவேண்டியிருக்கிறது. படத்தின் வசூற் கணக்கை மட்டும் விடையாக அனுப்ப வேண்டாம்.