தீவுக்குப் போங்கள், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்!

விடுமுறை வந்தால் மனிதர்கள் எங்கே போகிறார்கள்?

கூட்டம் இருக்கும் ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. கூட்டமே இல்லாத ஊரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

இந்த இரண்டாவது வகையினருக்கு மிகவும் பிடித்த இடம், ஸ்காட்லாந்து நாட்டின் தீவுகள்.

பிரிட்டனின் வட பகுதிதான் ஸ்காட்லாந்து. அதைச் சுற்றிக் கடலில் 790-க்கு மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் நூறு தீவுகளில்கூட மனிதர்கள் குடியிருக்கவில்லை. மற்றவை எல்லாம் பறவைகளுக்கும் ஆடுகளுக்கும் சொந்தம்.

அங்கே போய் வந்தவர்கள், "ஆகா, என்ன அமைதி! என்ன தனிமை! அதுதான் சொர்க்கம்" என்கிறார்கள்.

உண்மைதான். நாலு நாள் தங்குகிறவனுக்குத் தனிமை சொர்க்கம். ஆண்டு முழுவதும் இருக்கிறவனுக்கு?

நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ஆஸ்பத்திரி கடலுக்கு அப்பால் இருக்கிறது. கடலோ கொந்தளிக்கிறது. அப்பொழுது அந்தத் தாய்க்குத் தனிமை இனிக்குமா?

ஆகவே, என் கருத்து இது: தீவுக்குப் போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால், வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. விருந்தாளியாகப் போக வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? இரண்டு தீவுகளின் கதையைக் கேளுங்கள்.

பறவைதான் சோறு!

முதல் தீவின் பெயர், செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்தின் மேற்கே, நார்த் உயிஸ்ட் என்ற தீவில் இருந்தும் இன்னும் சுமார் 40 மைல் போக வேண்டும். நாலு பக்கமும் அட்லாண்டிக் பெருங்கடல்.

பிரிட்டனிலேயே மிக உயரமான கடற்பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. உச்சியின் உயரம் 1,400 அடி.

அந்தப் பாறைகளில் இலட்சக்கணக்கான கடற்பறவைகள் கூடு கட்டும். தீவின் ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வெறுங்காலுடன் பாறையில் இறங்குவார்கள். பறவையையும் முட்டையையும் எடுத்து வருவார்கள். அதுதான் அவர்களுக்குச் சோறு. பறவை எண்ணெய்தான் விளக்குக்கு. இறகைக் கொடுத்துத்தான் வாடகை கட்டினார்கள்.

காலையில் ஆண்கள் எல்லோரும் தெருவில் கூடுவார்கள். இன்று என்ன வேலை செய்யலாம் என்று பேசி முடிவு செய்வார்கள். இதற்குப் "பார்லிமெண்டு" என்றே வெளியூர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்!

மரமே இல்லாத தீவு அது. ஆனாலும், பல நூறு ஆண்டுகள் அங்கே மனிதர்கள் பிழைத்தார்கள்.

காட்சிப்பொருள் ஆனார்கள்

1870-களில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நீராவிக் கப்பல்கள் வரத் தொடங்கின. கோடை காலத்தில் மட்டும் வரும். பயணிகள் சில மணி நேரம் இறங்கிச் சுற்றுவார்கள். பிறகு கப்பல் போய்விடும்.

அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடந்தது?

பயணிகள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கிழவிகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் போல வந்து போனார்கள்.

தீவு மக்களும் பழகிவிட்டார்கள். முட்டை விற்றார்கள். கம்பளித் துணி விற்றார்கள். படம் எடுத்தால் காசு கேட்டார்கள். கையில் காசு வந்ததும், வெளியூர்ச் சாமான்கள் மேல் ஆசை வந்தது. தாங்களே எல்லாவற்றையும் செய்துகொண்ட காலம் போய்விட்டது.

கப்பல் வந்து போனால், தீவு முழுவதும் சளியும் காய்ச்சலும் பரவும். வெளி உலக நோய்களைத் தாங்கும் சக்தி அவர்கள் உடம்புக்கு இல்லை.

கோடையில் வந்தவர்கள், குளிர்காலத்தில் வந்தார்களா? இல்லை. மாதக்கணக்கில் ஒரு கப்பலும் வராது. ஆபத்து வந்தால், மரத்தில் படகுபோலச் செதுக்கி, அதற்குள் கடிதத்தை வைத்துக் கடலில் விடுவார்கள். மிதப்பதற்காக ஆட்டின் மூத்திரப்பையை ஊதிக் கட்டுவார்கள். யார் கையிலாவது அகப்பட்டால் உதவி வரும்! 

செயின்ட் கில்டா அழிந்ததற்கு உல்லாசப் பயணிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 1852-ம் ஆண்டில் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். பிறகு, பிறந்த குழந்தைகள் ஜன்னியில் செத்தன. முதல் உலகப்போருக்குப் பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

ஆனால், அத்தனை பேர் வந்து பார்த்தார்களே, அந்தத் தீவு பிழைக்க அது உதவியதா? உதவவில்லை. அதுதான் என் குறை.

கடைசி நாள்

1930 ஜனவரியில் தீவைச் சேர்ந்த ஓர் இளம் தாய் நோயுற்றாள்; அந்த ஆண்டிலேயே கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில் இறந்தாள். மக்களின் மனம் உடைந்தது. "எங்களை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்" என்று அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள்.

1930 ஆகஸ்ட் 29-ந்தேதி ஒரு கடற்படைக் கப்பல் வந்தது. மிச்சம் இருந்தவர்கள் 36 பேர்தான்.

வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்தார்கள். பக்கத்தில் கொஞ்சம் தானியம் வைத்தார்கள். நாய்களைக் கொண்டு போக வழி இல்லை. கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். பிறகு கப்பல் ஏறினார்கள்.

போன இடத்தில் பல ஆண்களுக்கு என்ன வேலை கிடைத்தது தெரியுமா? காட்டு இலாகா வேலை! பிறந்த ஊரில் ஒரு மரத்தைக்கூடப் பார்க்காதவர்களுக்கு மரம் வளர்க்கும் வேலை.

அந்த 36 பேரில் கடைசியாக உயிரோடு இருந்த அம்மாளும் 2016-ம் ஆண்டு காலமானார்.

இன்றும் கோடை நாட்களில் செயின்ட் கில்டாவுக்கு மோட்டார் படகுகள் போகின்றன. 1986-ம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. காலி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால், வா என்று சொல்ல அங்கே ஊர்க்காரர் யாரும் இல்லை.

பிழைத்த தீவு

இரண்டாவது தீவின் பெயர், எக். ஆங்கிலத்தில் முட்டையைச் சொல்வது போலவே ஒலிக்கும்! நீளம் 5 மைலுக்குச் சற்று அதிகம். அகலம் 3 மைல்.

கிளாஸ்கோவில் ரயில் ஏறி மாலேக் துறைமுகத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தீவில் ஒரு பெரிய பாறை மலை நிற்கிறது. ஒரு கடற்கரையில் மணல் காய்ந்து இருக்கும்போது நடந்தால், காலடியில் கீச் கீச் என்று பாடும்!

இந்தத் தீவு முழுவதும் ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருந்தது. முதலாளிகள் மாறுவார்கள், மக்களின் கஷ்டம் மாறாது. நாளைக்கு இந்த வீட்டில் இருப்போமா என்பதே பலருக்கு நிச்சயம் இல்லை. அப்படி இருக்கும்போது, யார் பணம் போட்டுக் கூரையைச் சரி செய்வார்கள்?

தீவு விலைக்கு வந்தது. மக்கள் ஒரு துணிச்சலான முடிவு செய்தார்கள். "நாமே வாங்கிவிடுவோம்!"

அப்பொழுது அங்கே இருந்தவர்கள் சுமார் 65 பேர். விலையோ 15 இலட்சம் பவுன்! நன்கொடை கேட்டார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பினார்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பெருந்தொகை கொடுத்தார்.

1997 ஜூன் 12-ந்தேதி தீவு மக்கள் கைக்கு வந்தது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் எஞ்சின் ஓடியது. 2008-ம் ஆண்டில் காற்று, ஓடும் நீர், வெயில் மூன்றிலும் இருந்து தாங்களே மின்சாரம் எடுத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியும் போட்டார்கள். பணக்காரன், ஏழை எல்லோருக்கும் அதே அளவு!

வெளியூர்ப் பயணிகள் காரைக் கொண்டு வரக் கூடாது என்பதும் அங்கே சட்டம். நடக்கலாம்; சைக்கிளில் போகலாம்.

இன்று அங்கே நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். செயின்ட் கில்டா காலி ஆயிற்று. எக் நிரம்புகிறது.

வித்தியாசம் என்ன?

இரண்டு தீவுக்கும் வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு தீவில், வந்தவர்களின் இஷ்டம் நடந்தது. மற்றொரு தீவில், வீட்டுக்காரர்களின் இஷ்டம் நடக்கிறது. இதுதான் வித்தியாசம்.

"அப்படியானால் உல்லாசப் பயணமே வேண்டாமே" என்று சிலர் சொல்லலாம். அது தவறு. பயணிகள் வராவிட்டால் கடைக்கு வியாபாரம் ஏது? அறை வாடகைக்கு விடுகிற குடும்பத்துக்கு வருமானம் ஏது? வேலை இல்லாத ஊரில் இளைஞன் எப்படித் தங்குவான்?

ஆனால், அளவு வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், கோடையில் பயணிகளின் வண்டிகளே கப்பலை நிரப்பிவிடுகின்றன. அவசரமாகப் போக வேண்டிய உள்ளூர்க்காரருக்கு இடம் இல்லை என்கிறார்கள். சவுத் உயிஸ்ட் தீவில், 2023 ஜூன் மாதத்தில் பெரும்பகுதி நாட்களுக்குக் கப்பல் ரத்து ஆனது. மக்கள் துறைமுகத்தில் திரண்டு கிளர்ச்சி செய்தார்கள். நமக்கு அது விடுமுறைக் கப்பல். அவர்களுக்கு அதுதான் பஸ். அதுதான் ஆஸ்பத்திரிக்கு வழி.

பணக்காரர்கள் தீவில் வீடு வாங்கி, ஆண்டில் பத்து மாதம் பூட்டி வைப்பதும் நடக்கிறது. இளம் தம்பதிகள் குடியிருக்க வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். பூட்டிய வீட்டில் விளக்கு எரியுமா? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவார்களா?

விருந்தாளிக்கு நாலு வார்த்தை

போகிறவர்கள் இவற்றை நினைவில் வையுங்கள்.

காலையில் வந்து மாலையில் ஓடாதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். ரொட்டியையும் பாலையும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

காரை இக்கரையில் விட்டுவிட்டுக் காலால் நடங்கள். மே, ஜூன் மாதங்களில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும். அதற்கும் தயாராகப் போங்கள்!

புயல் அடித்துக் கப்பல் நின்றுவிட்டால், கோபப்படாதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் வீணாகும். அவர்களுக்கு அது வாழ்க்கை.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். அடுத்தவர் வீட்டு ஜன்னல், சினிமாத் திரை அல்ல.

விருந்தாளி வந்தால் வீடு நிறைய வேண்டும். வீட்டுக்காரன் வெளியேறும்படி ஆகக் கூடாது.

செயின்ட் கில்டாவில் திறந்து வைத்த பைபிள், நமக்கு இதைத்தான் சொல்கிறது.