பெயரின் விலை

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் தொடங்கிய ‘அயர்ன்மேன்’ பந்தயம், 2015இல் 65 கோடி டாலருக்குக் கைமாறிய வணிகப்பெயர். இன்று அதில் கலந்துகொள்ளக் கட்டணமே பல நூறு டாலர்.

அந்த ஒழுங்கும் பாதுகாப்பும் அப்பெயருக்கு மட்டும் உரியவையா? ஜெர்மனியின் ரோத், 2002 முதல் அப்பெயரின்றியே அதே தொலைவை நடத்துகிறது. 2024இல் ஆன் ஹாக் 8 மணி 2 நிமிடம் 38 வினாடியில் பெண்களுக்கான சாதனை படைத்தது அங்கேதான். நார்வேயின் நார்ஸ்மனில் படகிலிருந்து ஃபியோர்டில் குதித்து மலையுச்சியில் முடிப்பவருக்குக் கிடைப்பது ஒரு கறுப்புச் சட்டை மட்டுமே.

அயர்ன்மேன் உலகப் போட்டிக்குத் தகுதி பெற விழைவோர் செலவிடட்டும். அவர்களுக்கு வேறு வழியில்லை. ஏனையோர் விலைகொடுத்து வாங்குவது ஒரு சொல்லை மட்டுமே என்று கருதுகிறோம். தொலைவு எவருக்கும் சொந்தமன்று.