களத்துமேட்டுக் கடமை

தமிழக முஸ்லிம்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கடலையும் கப்பலையும் வணிகத்தையுமே எழுதுகின்றனர். அது உண்மை, ஆயினும் முழு உண்மையன்று. காவிரிப் படுகையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் தலைமுறை தலைமுறையாய் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அவ்வீடுகளில் இரண்டு நாட்காட்டிகள் வழங்கின. ஒன்று பிறை பார்த்து நடப்பது. மற்றொன்று ஆற்றையும் மழையையும் பார்த்து நடப்பது. முன்னதை இன்றும் போற்றுகிறோம். பின்னதை மறந்து வருகிறோம். அம்மறதியோடு மார்க்கக் கடமையொன்றும் கைநழுவிப் போவதே கவலைக்குரியது.

தஞ்சைத் தரணியின் ஓராண்டைப் பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் சூன் 12. அதையொட்டிக் குறுவை; நூறு, நூற்றுப்பத்து நாட்பயிர். ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு. ஐப்பசி மழையில் தழைத்துத் தையில் அறுவடை. குறுவை எடுத்த வயலில் தாளடி. நெற்கதிர் நிற்கும்போதே, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, ஈரமண்ணில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவர். அவற்றுக்குத் தனியே நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மீந்த ஈரமும் பனியுமே போதும்.

கொல்லைக்கு வேறு கணக்கு. ஆடியில் அவரை, புடல், பாகல், பீர்க்கு ஆகியன ஊன்றப்படும். புடலும் பீர்க்கும் விரைந்து காய்க்க, அவரை மட்டும் பனிக்குக் காத்திருந்து மார்கழியில் பந்தல் நிறையப் பூக்கும். சித்திரை வெயிலில் மாங்காயும் கொத்தவரையும் மோரில் ஊறிய மிளகாயும் வற்றலாகி, அடைமழை நாட்களுக்குக் கறியாகும். இவை ஏட்டில் எழுதிய கணக்கல்ல. வீட்டுப் பெண்களின் நினைவில் வாழ்ந்தவை. குழம்பில் சற்று நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை, பந்தலில் காய் தொங்கும் வீட்டில் நிறைவேறுவது எளிது. கால்கிலோ காயைக் கடையில் நிறுத்து வாங்கும் வீட்டில் அது சற்றுக் கடினமே!

ரமளானோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நோன்புக் கஞ்சியின் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மாறுவதில்லை, அரிசி மாறும். புத்தரிசி எளிதில் குழையும். உலைநீரைக் குறைக்க வேண்டும். 2027, 2028, 2029 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ரமளான் தை மாதத்தில் தொடங்கவிருக்கிறது. சம்பா அறுவடையும் நோன்பும் அடுத்தடுத்து வரும் காலம் அது.

ரமளான் வந்ததும் பணத்துக்கும் நகைக்கும் சரக்குக்கும் ஜகாத் கணக்கிடுகிறோம். விளைச்சலின் ஜகாத்தாகிய உஷ்ரை எத்தனை பேர் கணக்கிடுகிறோம்? அதற்கு ரமளானும் வரவேண்டியதில்லை. ஓராண்டு நிறையவும் வேண்டியதில்லை. அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுமாறு திருமறையின் ஆறாம் அத்தியாயம் 141ஆம் வசனம் பணிக்கிறது. மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று என்பது நபிமொழி வகுத்த அளவு. உழவனின் பாட்டையும் செலவையும் எடைபோட்டு வகுத்த நீதி இது. குறைந்த அளவு ஐந்து வஸக் என்பர் ஷாபிஈ மத்ஹபினர்; சிறிதாயினும் பெரிதாயினும் உண்டு என்றார் இமாம் அபூஹனீபா (ரஹ்). இரு மத்ஹபினரும் வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

அணை திறக்கத் தாமதமானால் குறுவை ஆழ்துளைக் கிணற்றை நம்புகிறது. அதே வயலின் சம்பா ஆற்றுநீரில் விளைகிறது. ஒரே நிலத்துக்கு ஒரே ஆண்டில் இரண்டு விகிதங்கள்! இரு நீரும் சரிபாதி பாய்ந்திருந்தால் பத்தில் ஒன்றின் முக்கால் பங்கு என்று சட்ட அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரிலோ வளைகுடாவிலோ வாழ்பவர்க்கு எந்தப் போகத்துக்கு எந்த நீர் பாய்ந்தது என்று எப்படித் தெரியும்? பருவத்தை அறியாதவர் இக்கணக்கைப் போடவே இயலாது.

தை பிறக்குமுன் ஜமாஅத்துகள் வெள்ளி மேடையில் இதனை அறிவிக்கலாம். களத்திலேயே நெல்லைப் பெற்று உரியோர்க்குச் சேர்க்கலாம். அந்நெல்லைப் பள்ளிவாசல் கஞ்சி அண்டாவுக்கு அனுப்பிவிடலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. கஞ்சியைச் செல்வரும் அருந்துவர். உஷ்ரோ ஏழையர் உரிமை. கிராமத்து மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர் வயல்களின் போகத்தையும் பாசனத்தையும் குறித்துத் தந்தால் ஜமாஅத்தின் பணி பாதி முடிந்துவிடும்.

ஒரு வினாவுக்கு மட்டும் உலமாப் பெருமக்களே விடை தரவேண்டும். உழவருக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் தமிழகத்தில், மின்மோட்டார் இறைத்த நீரில் விளைந்த நெல்லுக்கு இருபதில் ஒன்றா, பத்தில் ஒன்றா? அடுத்த சம்பா களத்துக்கு வருமுன் அவ்விடை கிடைத்தால் நன்று.