ரூம்மேட் தூங்கட்டும், ப்ளூ வேண்டாம்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போறவங்க கேக்குற முதல் கேள்வி: "ப்ளூவா, ரெட்டா?" ஹாஸ்டல்ல இருந்தா ப்ளூ வேண்டாம்னு அடிச்சுச் சொல்வேன்.

செர்ரி எம்எக்ஸ் ப்ளூவில் கீ பாதி வழி இறங்கும்போதே உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு தட்டி 'க்ளிக்' என்கிறது. எழுத்து விழுந்தது விரலுக்கும் காதுக்கும் சேர்ந்தே தெரியும். டைப்ரைட்டிங் லோயர் முடிச்சவங்களுக்கு அது சுகம்தான். ஆனா ராத்திரி ஒரு மணிக்கு, அடுத்த கட்டில்காரனுக்கு? ஜீயபுரத்துல அந்த நேரத்துக்குக் கேக்குறது கரூர் லைன் ரயில் சத்தம்தான். ரயிலாவது போயிடும்.

ரெட்டுக்குச் சுமார் 45 கிராம் அழுத்தம் போதும், க்ளிக்கும் கிடையாது. அதுக்காக சைலன்ட்னு நினைச்சுடாதீங்க. எழுத்து எங்கே விழுதுன்னு விரலுக்குத் தெரியாததால 4 மில்லிமீட்டரும் அடிவரை குத்துவோம். அந்த 'டொக்' மேசை முழுக்கப் பரவும். பழைய துண்டை மடிச்சு அடியில போட்டாலே நல்லா அடங்கும்.

என் ஓட்டு ப்ரௌனுக்கு. க்ளிக் இல்லை, நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் விரலில் தட்டும். "மணல் விழுந்த ரெட்"னு கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். தமிழ்99-ல் உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். கை மாறி மாறி ஓடும்போது அந்த மேடுதான் தாளம். யூடியூப் சவுண்ட் டெஸ்ட்டை நம்பாம, சீனியர் கீபோர்டுல ஒரு பத்தி அடிச்சுப் பாருங்க.