துப்பறியவும் வசதி வேணுமா?

லார்ட் பீட்டர் விம்ஸி டியூக்கோட தம்பி. கொலை அவருக்குப் பொழுதுபோக்கு. ஹோம்ஸுக்கே 1887-ல வந்த முதல் கதையில வாடகையைப் பங்கு போட வாட்ஸன் தேவைப்பட்டார். நம்ம சுஜாதாவோட கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பெரும்பாலும் கட்சிக்காரர் வந்தாத்தான் வேலை ஆரம்பிக்கும், எங்க ஐடி பில்லிங் மாதிரி. எனக்குப் பிடிச்ச ஏற்பாடு அது.

ஆனா ஒரு கடுப்பு மக்களே. எங்க வேடந்தாங்கல்ல பறவைகளுக்காக தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டாங்க. ஏரிக்கரையில ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டா ஊரே திரும்பும். அங்க கொலை நடந்தாலும் துப்பறிய மெட்ராஸ்லேர்ந்துதான் கார் வரணுமா? கரையிலயே கிடக்கிற டீக்கடைக்காரர் வெறும் சாட்சி. அதுவும் மூணாவது அத்தியாயத்துல செத்துப்போற சாட்சி! (பாவம், பேர்கூட இருக்காது.)

அவரை ஹீரோவாப் போட்டு யாராச்சும் எழுதுங்கப்பா. மொதப் பின்னூட்டம் என்னோடது.