குட்டி யானை வாங்கலாமா?

தாராவியில் இட்லித் தொழில் நடத்தும் நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற ஞாயிறன்று மனைவியாருடன் இல்லம் வந்தார். விடியற்காலையில் அந்தேரி வரையுள்ள கடைகளுக்குச் சரக்கு அனுப்ப அவர் மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் வண்டி வாடகை கொடுக்கிறார். 2014-ஆம் ஆண்டின் டாட்டா ஏஸ் ஒன்று ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கைகளில் வளையல் இல்லாததை என் துணைவியார் கவனித்துவிட்டார்.

2005-இல் வெளிவந்த இவ்வண்டியை இங்குள்ளோர் சோட்டா ஹாத்தி என்பர். நம்மவர்க்குக் குட்டி யானை. முக்கால் டன் அளவுக்குப் பாரம் ஏற்றலாம். குறுகிய சந்திலும் திரும்பும். ஆயினும் யானை வாங்குவோர் தீனியையும் எண்ண வேண்டுமன்றோ? எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். அதற்கு முன் செய்யும் பழுதுச் செலவும் காப்பீடும் டீசலும் வாடகைக் கணக்கோடு ஒப்பிடப்பட வேண்டியவை.

இருவருமாகச் சென்று பார்த்தோம். நாங்கள் போகுமுன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகைவிடுகிறது என்பதையன்றோ காண வேண்டும்! தளத்தின் அடியில் துரு இருந்தது. மும்பை மழையில் அது வியப்பன்று. அதை ஒட்டவைத்துச் சரிசெய்யலாம்.

சரிசெய்ய இயலாதது பதிவுச் சான்றில் இருந்தது. விற்பவர் பெயரே அதில் இல்லை! அவருக்கு விற்றவரின் பெயரும், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருந்தன. அந்நிறுவனம் எழுத்தில் இசையாமல் பெயர் மாற்றம் நடவாது. கடன் பாக்கியிருப்பின் வண்டியை அவர்கள் எடுத்துச் செல்லவும் கூடும். காப்பீடு நம் பெயருக்கு மாறாவிடில், பிறருக்கு நேரும் தீங்குக்கு அது உதவினும், நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு காசும் வாராது.

"பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முன்பணம் மட்டும் தாருங்கள்" என்றார் விற்பவர். கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-உம் வந்தபின் பேசுவோம் என்று கூறி அன்பரை அழைத்து வந்துவிட்டேன். அவருக்குச் சற்று மனத்தாங்கல்தான். அடுத்த மாத வாடகை நினைவில் நிற்கிறது.

விற்பவர் ஒரு வாரத் தவணை கேட்டிருக்கிறார். அதுவரை பணம் அம்மையாரிடமே இருக்கட்டும் என்றேன். அன்பர் மறுக்கவில்லை.