ருமேனியா அழித்த தொழில், மீட்டெடுத்த தொழில்

1966இல் ருமேனிய ஆட்சியாளர் சௌசெஸ்கு பிறப்பித்த 770ஆம் எண் ஆணை, சில விதிவிலக்குகள் தவிர்த்துக் கருக்கலைப்பைத் தடைசெய்தது. மூன்றே ஆண்டுகளில், 1969இல், சமூகப் பணிக்கான கல்வி அந்த நாட்டில் அடியோடு நிறுத்தப்பட்டது. பிள்ளை பெற்றே ஆக வேண்டும் என்று குடும்பங்களைக் கட்டாயப்படுத்திய அரசு, அதே குடும்பங்களுக்குத் துணைநிற்கக்கூடியவர்களைப் பயிற்றுவிப்பதையும் கைவிட்டது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த பிறகு உலகம் கண்டு அதிர்ந்த குழந்தைகள் இல்லங்கள் எப்படி உருவாயின என்பது விளங்கும்.

சமூகப் பணி 1989க்குப் பிறகு மேற்கிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு வந்த இறக்குமதி என்று நினைப்பது தவறு. வார்சாவில் 1925இலேயே ஹெலேனா ரட்லின்ஸ்கா அதற்கான உயர்கல்வியைத் தொடங்கிவிட்டார். 1928இல் பாரிஸில் கூடிய முதல் உலக சமூகப் பணி மாநாட்டின் தலைவர், செக்கோஸ்லோவாக்கியாவின் அலிஸ் மசாரிக். புகாரெஸ்டில் 1929இல் இளவரசி இலியானாவின் பெயரில் ஓர் உயர்கல்வி நிலையம் எழுந்தது. வெத்தூரியா மனுய்லா அதை வழிநடத்தினார். சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தி வளர்த்த கள ஆய்வு மரபின் நிழலில், வறுமையை வீட்டுக்குள் சென்று புரிந்துகொள்ளும் பயிற்சி அங்கே வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு அந்த அறிவு தேவைப்படவில்லை. எல்லோருக்கும் வேலை உண்டு, ஆலையும் தொழிற்சங்கமும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும், வறுமை என்பது முதலாளித்துவத்தின் மிச்சம் என்பது அதன் கொள்கை. 1952இல் சமூகப் பணிப் படிப்பு பல்கலைக்கழகத் தரத்திலிருந்து இறக்கப்பட்டது. 1969இல் அதுவும் போயிற்று. வறுமை ஒழிந்துவிட்டது என்று அறிவித்த அரசால், வறுமையைப் பார்த்து எழுதி வைக்கும் ஒருவரைச் சகித்துக்கொள்ள முடியாது. இந்தத் தொழில் அங்கே அழிந்ததற்கு அதுவே அடிப்படைக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். 1966இல் சுமார் 2.7 லட்சமாக இருந்த பிறப்புகள் 1967இல் 5.2 லட்சத்தைத் தாண்டின. 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைக்க அரசு உணவையும் வெப்பத்தையும் பங்கிட்டு அளந்தபோது, வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர்; அவர்களுடைய பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பிள்ளையை விட்டுவிடும் முடிவுக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய், என்ன இருந்தால் இவனை நீங்களே வளர்ப்பீர்கள் என்று கேட்கப் பயின்றவர் எவரும் அப்போது இல்லை.

1990இல் புகாரெஸ்ட், க்ளூஜ், யாஷ் நகரங்களின் பல்கலைக்கழகங்கள் மீண்டும் வகுப்புகளைத் தொடங்கின. சமூகவியலிலிருந்தும் உளவியலிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனால் மாணவரைக் களத்துக்கு அழைத்துப்போய்க் கற்றுத்தர மூத்த பணியாளர்கள் இல்லை. ஒரு தலைமுறையே நடுவில் காணாமல் போயிருந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உடையும் மருந்தும் கொண்டுவந்தன. அவை அன்றைய உயிர்களைக் காத்தன. ஆனால் இல்லத்துக்குக் கூரை வேய்ந்து தருவதும், குழந்தை இல்லத்துக்கே வராமல் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள்.

இரண்டாவது வேலைக்கான சட்டங்கள் மெல்லத்தான் வந்தன. 1997இல் குழந்தைப் பாதுகாப்பு மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பானது. 2004இல் சமூகப் பணியாளரின் தகுதியையும் உரிமையையும் ஒரு சட்டம் வரையறுத்தது. அதே ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டம், கடும் ஊனமுற்றோர் தவிர, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடுத்தது. 2000இல் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வு ஒன்று 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, சிறு வயதிலேயே வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் கூடுதலாகத் தேறியதைக் காட்டியது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற நெருக்கடியும் சீர்திருத்தத்தை முடுக்கியது. பெரிய இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இது பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனாலும், மீட்டெடுக்கப்பட்ட இந்தத் தொழில் குடும்பம் உடைந்த பிறகு வந்து சேரும் தொழிலாகவே பெரிதும் வளர்ந்திருக்கிறது. படித்தவர்கள் நகரங்களிலும் மாவட்டத் தலைமையகங்களிலும் குவிந்திருக்க, பல கிராம உள்ளாட்சிகளில் முறையாகப் பயிலாத அலுவலரே உதவித்தொகை விண்ணப்பங்களோடு இந்தப் பணியையும் சேர்த்துச் சுமக்கிறார். பெற்றோர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வேலைக்குப் போய்விட, பாட்டிமாரிடம் வளரும் பிள்ளைகள் இருப்பதும் அதே கிராமங்களில்தான்.

ஒரு தொழிலை ஒரே ஆணையால் அழித்துவிடலாம். ஆணையால் உயிர்ப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம், சட்டம், பதிவேடு எல்லாம் அதற்கு உடம்பு. ஊர் மக்கள் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிய, பயிற்சியும் நியாயமான சம்பளமும் உள்ள பணியாளர் ஒருவர் ஒவ்வொரு கிராமத்துக்கும் கிடைப்பதே அதற்கு உயிர். அடுத்த இருபதாண்டுகளின் பணமும் அக்கறையும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.